மடியில் கனம்

"மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்" என்று பழமொழி சொன்ன பெரியவர் ஆகாய விமானத்தில் ஏறியவர் அல்லர். ஏறியிருந்தால், அந்தக் கனத்தை மடியிலிருந்து இறக்கிச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும்போது உண்டாகும் பயத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு அங்கே ஓர் இரும்பு உருட்டாலையில் ஷிப்ட் வேலை. ஆனால் முகூர்த்த நாள் வந்தால் மனுஷர் வேறு அவதாரம் எடுத்துவிடுவார். கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் என்று எங்கே மேளம் கொட்டினாலும் அங்கே காமிராவும் கையுமாக நிற்பார். படம் நன்றாக இருக்கிறது என்று பேர் வந்துவிட்டது. இப்போது சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய அத்தை மகன், தன் கல்யாணத்துக்கு வந்து படம் எடுக்க வேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டாராம்.

சந்தோஷமான சமாசாரம்தானே? ஆனால் கடிதத்தின் அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் காமிராவும் இரண்டு லென்ஸும் வாங்குவதற்காகச் சகோதரி தம்முடைய நெக்லஸையும் நாலு வளையலையும் அடகு வைத்திருக்கிறார். இன்னும் மீட்டபாடில்லை. "ஏழு கிலோவுக்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாதாம். ஆகையால் வேஷ்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் போட்டுவிடுகிறேன் என்கிறார் இவர். கூடவே கூடாது, மடியிலேயே வைத்துக்கொள் என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் சொல்வதுதான் சரி. இந்தப் பத்தியில் இப்படி ஒரு தீர்ப்பு வருவது அபூர்வம். வாசகிகள் மன்னிக்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். விமானத்தின் அடியில் போகும் பெட்டியை நாம் அன்போடு ஒப்படைக்கிறோம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பட்டையில் ஓடுகிறது, சரிவில் சறுக்குகிறது, வண்டியில் ஏறுகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. நடுவில் யாராவது அவசரத்தில் தூக்கிப் போட்டாலும் நமக்குத் தெரியப் போவதில்லை. லென்ஸுக்குள்ளே கண்ணாடித் துண்டங்கள் மயிரிழை பிசகாமல் வரிசையில் நிற்கின்றன. வேஷ்டி எத்தனை முழமானாலும் அந்த அடியைத் தாங்காது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்கு வரும்; படம் எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளை தெளிவாகவும் பெண் மங்கலாகவும் விழுவார்கள்.

சரி, உடைந்தால் விமானக் கம்பெனி பணம் தராதா என்று கேட்பீர்கள். தரும், ஆனால் எவ்வளவு? வெளிநாட்டுப் பிரயாணங்களுக்கு 1999-ல் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார்கள். இந்தியா அதில் 2009-ல் சேர்ந்தது. அதன்படி பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் ஒரு பிரயாணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். என்று வரம்பு. 2024 டிசம்பர் 28 முதல் இந்தக் கணக்கு. அதற்கு முன் 1,288 தான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதி நிறுவனம் கணக்குப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் ஒரு மதிப்பு. நம் ரூபாயில் சொன்னால் ஒன்றரை லட்சத்துக்குமேல், இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். அதுவும் அதிகபட்சம். உள்ளே இருந்தது காமிராதான், அதன் விலை இதுதான் என்று நாம்தான் ரசீது காட்டி நிரூபிக்க வேண்டும். போதாக்குறைக்கு, "காமிரா, நகை, பணம் முதலியவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள்; வைத்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று பல கம்பெனிகள் டிக்கெட்டின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பொடி எழுத்தைப் படித்தவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

இரண்டு தேதிகளை மட்டும் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பெட்டிக்குள் சேதம் என்றால், பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்ததால் நஷ்டம் என்றால் 21 நாட்கள். வாயால் சொன்னது கணக்கில் சேராது. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள சாமான் கவுண்டரில் ஒரு புகார்ச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுவிட்டால் எல்லாவற்றிலும் உத்தமம்.

நிற்க. மாமியார் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் ஏழு கிலோவை என்ன செய்வது? சாதாரண வகுப்பில் நம் நாட்டு விமானங்கள் பெரும்பாலும் அனுமதிக்கும் கைச்சுமை அவ்வளவுதான். கல்யாணப் படக்காரரின் பையை வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். காமிரா இரண்டு என்றால் ஒன்றரைக் கிலோ. தூரத்திலிருந்து தாலி முடிச்சைப் பிடிக்கும் நீள லென்ஸ் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். இன்னொரு லென்ஸ் முக்கால் கிலோ. பளிச்சிடும் விளக்கு இரண்டு, சார்ஜர், பாட்டரிகள், மடிக் கணினி. போதாதா? பையே இரண்டு கிலோ! திணித்த பஞ்சும் பட்டைகளுமாகக் கடையில் விற்கிறார்களே, அந்த ஜம்பமான காமிராப் பையைச் சொல்கிறேன். ஆக ஒன்பது கிலோ.

இதற்கு அனுபவஸ்தர்கள் செய்யும் தந்திரங்கள் உண்டு. முதலாவது, காசைக் கொட்டி வாங்கிய கனமான பையை வீட்டில் வைத்துவிட்டு, லேசான துணிப் பைக்குள் மெத்தென்ற உறை போட்டு எடுத்துப் போவது. சுமாரான பையைப் பார்த்தால் திருடனுக்கும் ஆசை வராது. இரண்டாவது, உடையாத சாமான்களான சார்ஜர், கம்பிகள், முக்காலி ஆகியவற்றைப் பெட்டியில் போட்டுவிடுவது. முக்காலியைக் கையில் கொண்டுபோனாலும் பாதுகாப்புச் சோதனையில் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்த்தால் அவர்களுக்கு ஆயுதம் மாதிரி தோன்றுகிறது. மூன்றாவது, ஏகப்பட்ட பைகள் வைத்துத் தைத்த அரைச் சட்டை ஒன்று. ஆளின்மேல் இருப்பதை யாரும் தராசில் வைப்பதில்லை. லென்ஸ் ஒரு பையில், விளக்கு ஒரு பையில் என்று மனுஷர் கர்ப்பிணி மாதிரி நடந்து போகட்டும், பாதகமில்லை. நாலாவது தந்திரம், மனைவியையும் கூட அழைத்துக்கொண்டு போவது. பெண்களின் கைப்பையைச் சாதாரணமாகத் தனியாக விட்டுவிடுகிறார்கள். நெக்லஸ் கொடுத்தவருக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தர இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா?

இனி பாட்டரி சமாசாரம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "கனமாக இருக்கிறது, பெட்டியில் போடு" என்று உபரி பாட்டரிகளைப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. காமிராவிலிருந்து கழற்றிய லித்தியம் பாட்டரியும் பவர் பேங்க்கும் கையோடு மட்டுமே வரலாம்.

காரணம் நெருப்பு. லித்தியம் பாட்டரிக்குள் எங்காவது மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிட்டால் அது சூடாகி, அந்தச் சூட்டில் இன்னும் சூடாகி, அடுத்த பாட்டரியையும் மூட்டிவிடும். மேலே ஆட்கள் இருக்கும் இடத்தில் நடந்தால் யாராவது புகையைப் பார்ப்பார்கள். பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். கீழே சாமான் அறையில் நடந்தால்? அங்கே தீயணைக்கும் வாயு உண்டு. ஆனால் அது ஜ்வாலையை அடக்குமே தவிர பாட்டரியின் உட்சூட்டைத் தணிக்காது. 2010 செப்டம்பரில் துபாய்க்குப் பக்கத்தில் ஒரு சரக்கு விமானம் இப்படித் தீப்பற்றி விழுந்து, இரண்டு விமானிகளும் மாண்டார்கள். அந்தச் சரக்கில் லித்தியம் பாட்டரிகள் ஏராளம். 2016 ஏப்ரல் முதல் பிரயாணிகள் விமானத்தில் லித்தியம்-அயான் பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு தடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் தரையில் நின்றுகொண்டிருந்த விமானமே எரிந்து போயிற்று. நல்ல வேளை, எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மேலே அலமாரியில் யாரோ வைத்திருந்த பவர் பேங்க்கின்மேல்தான் விசாரணையாளர்களின் சந்தேகம் விழுந்தது.

எத்தனை பாட்டரி கொண்டுபோகலாம்? 'வாட்-ஹவர்' என்று ஒரு கணக்கு. பாட்டரியின்மேலேயே அச்சடித்திருக்கும், பூதக்கண்ணாடி தேவைப்படலாம். அச்சடிக்காவிட்டால் மில்லி-ஆம்பியர் எண்ணை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வந்துவிடும். வீட்டில் ஆறாம் வகுப்புப் பையன் இருந்தால் அவனிடம் கொடுங்கள். சாதாரணக் காமிரா பாட்டரி 16 வாட்-ஹவர் அளவில் இருக்கும். 100 வரையில் கவலையில்லை. 100-லிருந்து 160 வரையில் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று இரண்டு உபரி கொண்டுபோகலாம். 160-க்கு மேல் கிடையவே கிடையாது. சினிமாக்காரர்களுக்கென்று 98, 99 என்று செய்து விற்கிறார்களே, ஏன் நூறாகச் செய்யக் கூடாது என்று யோசித்ததுண்டா? இதற்காகத்தான். ஒவ்வொரு பாட்டரியின் உலோக முனையையும் டேப் ஒட்டி மூடி, தனித்தனி உறையில் போடுங்கள். சாவிக்கொத்தோடு சேர்த்து ஒரே பையில் போடாதீர்கள்.

இன்னொன்று, முக்கியமானது. விமானத்தின் வாசல் வரைக்கும் போன பிறகு "மேலே இடமில்லை, உங்கள் பையைக் கீழே அனுப்புகிறோம்" என்று புன்னகையோடு வாங்கிக்கொள்வார்கள். அந்த நிமிஷத்தில் பதறாமல் பையைத் திறந்து பாட்டரிகளையும் காமிராவையும் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று எடுக்கும்படி அவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

நெருப்புக்குப் பயப்படுவது இன்று நேற்று வந்ததல்ல. கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே. செட்டியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். பின்னாளில் 'குமரி மலர்' நடத்தியவர். 1937 அக்டோபர் 2-ந்தேதி, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்திஜியைப் பற்றி முழுநீளச் செய்திப் படம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம் உதித்தது. அன்று காந்திஜியின் பிறந்த நாள்; செட்டியாருக்கு இருபத்தைந்து வயது. கையில் பெரும் பணம் இல்லை. ஆனாலும் உலகத்தின் பல மூலைகளில் முப்பது ஆண்டுகளாகப் பல காமிராக்காரர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி ஒரு லட்சம் மைல் அலைந்தார். 50,000 அடிப் படம் சேர்ந்தது. அதிலிருந்து வெட்டி ஒட்டி 12,000 அடியாக்கி, 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ்ப் படமாகவே வெளியிட்டார். மகாத்மா உயிரோடிருக்கும்போதே வெளிவந்த படம் அது.

அந்த 50,000 அடி என்பது லேசுப்பட்ட சாமான் அல்ல. தகரப் பெட்டிகளை விட்டுச் சுருளை மட்டும் நிறுத்தாலே நூறு கிலோவைத் தாண்டும். அதோடு அக்காலத்து 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருள் நைட்ரேட்டினால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவை அதுவே கக்கும். 1939-ல் யுத்தம் வேறு மூண்டுவிட்டது. வெள்ளைக்காரர் ஆட்சியில், காந்திஜியின் படத்தை, எரியும் சுருளில் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த இளைஞர் எத்தனை இரவு தூங்கினாரோ! ஏழு கிலோ, எட்டுக் கிலோ என்று நாம் தகராறு செய்கிறோம்.

போகட்டும், சிங்கப்பூருக்கு வருவோம். போவதைவிடத் திரும்பி வருவதில்தான் கண்டம் அதிகம். விலையுயர்ந்த காமிராவோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினால், "இதை அங்கே வாங்கினீர்களா?" என்று சுங்க உத்தியோகஸ்தர் கேட்பது நியாயம்தான். "ஐயோ, இது பாரிமுனையில் வாங்கியது!" என்று கண்ணீர் விட்டால் போதாது. ஆகையால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலகத்துக்குப் போய், காமிராவையும் ரசீதையும் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். சாமானின் பெயர், அதன்மேல் பொறித்த வரிசை எண் எல்லாம் அதில் ஏறும். திரும்பி வரும்போது அதை நீட்டினால் தீர்வை பேச்சே கிடையாது. இதற்காக அரை மணியாவது கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். லென்ஸுக்கும் வரிசை எண் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

பெரிய அளவில் காமிராக்கள், விளக்குகள் என்று கொண்டுபோகிறவர்களுக்கு 'கார்னே' என்று ஒரு தஸ்தாவேஜு இருக்கிறது. மனிதனுக்குப் பாஸ்போர்ட் மாதிரி சாமானுக்கு இது பாஸ்போர்ட். 1961-ல் ஏற்பட்ட ஒப்பந்தம். நம் நாட்டில் ஃபிக்கி என்கிற வர்த்தகச் சம்மேளனம் கொடுக்கிறது. ஜாமீன் தொகை கட்ட வேண்டும். எந்த நாடு எந்தச் சாமானுக்கு ஒப்புக்கொள்ளும் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு காமிரா, இரண்டு லென்ஸுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு படம் எடுக்கப் போவதாக இருந்தால் விசா விஷயத்தை அத்தை மகனிடம் கண்டிப்பாகக் கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பாதிப்பது பல நாடுகளில் குற்றம். 'உறவுக்காரர்தானே' என்பது அங்கே வாதமாகாது.

மேலேயிருந்து கல்யாண ஊர்வலம் எடுக்க டிரோனையும் கொண்டுபோகலாமா என்று சகோதரியின் கணவர் யோசிக்கிறாராம். வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டில் தயாரான டிரோன்களை இறக்குமதி செய்வதற்கு நம் அரசாங்கம் 2022 பிப்ரவரியில் தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம் முதலியவற்றுக்குத்தான் விலக்கு. திரும்பி வரும்போது சங்கடம். சிங்கப்பூரிலும் கால் கிலோவுக்கு மேற்பட்ட டிரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிட முடியாது. ஒரு பெட்டிச் சாமானுக்காக இரண்டு சர்க்கார்களோடு வம்பு எதற்கு?

நகையைப் பற்றிப் பேசாமல் முடிக்க மனம் வரவில்லை. நகைக்கடனுக்கு வட்டி கட்டுகிறவர்கள் காமிராவுக்குக் காப்பீடு செய்வதில்லை. இது ஏனென்று எனக்கு விளங்குவதே இல்லை. பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளில் திருட்டு, விபத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காமிராவுக்குப் பாலிஸி கொடுக்கிறார்கள். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தொழிலுக்காக உபயோகித்தாலும் செல்லுமா? இந்தியாவுக்கு வெளியே செல்லுமா? பிரயாணத்துக்கென்று விமான டிக்கெட்டோடு விற்கும் காப்பீட்டில் காமிராவுக்குக் கிடைப்பது சாதாரணமாகச் சொற்பம். சில சமயம் சூன்யம்.

எக்ஸ்ரே சோதனை டிஜிட்டல் காமிராவைக் கெடுக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் இப்போது சில வாலிபர்கள் மறுபடியும் பழைய ஃபிலிம் காமிராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். கழுவாத ஃபிலிமைப் பெட்டியில் போடவே கூடாது. அங்கே கதிர் பலமானது. சில விமான நிலையங்களில் கைப்பைக்கும் வந்திருக்கும் புதிய 'சி.டி.' ஸ்கானர் ஃபிலிமைப் பாழாக்கிவிடும் என்று கோடாக் கம்பெனியே எச்சரித்திருக்கிறது. கையால் சோதித்துத் தரும்படி பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும்போது இன்னொரு விஷயம். சென்னை நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் காமிராவை முதுகில் மாட்டிக்கொண்டு போவதைக் காட்டிலும், புறநகர் ரயிலில் சென்டிரலுக்கு வந்து, அங்கிருந்து மெட்ரோவில் நேராக விமான நிலையத்துக்குப் போய்விடுவது நல்லது. காலை ஷிப்ட் நேரத்துக் கூட்டத்தைத் தவிர்க்கவும். ஆகாயத்தில் உடைவதைவிட அந்தக் கூட்டத்தில் உடைவதற்கே சந்தர்ப்பம் அதிகம்!

அந்த ஊருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால்தான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ந்தேதி சந்திரயான்-3 அங்கிருந்து புறப்பட்டபோது அதற்குள்ளும் காமிராக்கள் இருந்தன. அவற்றுக்கும் கிராம் கிராமாக எடைக் கணக்குப் பார்த்திருப்பார்கள். அமெரிக்கர்கள் 1969 முதல் 1972 வரையில் சந்திரனுக்குப் போய் வந்தார்களே, அவர்களுக்கும் இந்தக் கைச்சுமைத் தகராறு வந்தது. சந்திரனிலிருந்து கல்லும் மண்ணும் கொண்டுவர வேண்டும், கனம் கூடுகிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபிலிம் சுருள் இருந்த பகுதியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, விலைமதிப்புள்ள ஹாஸெல்பிளாட் காமிராக்களை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். மொத்தம் 12 காமிராக்கள் இன்றும் சந்திரனில் கிடக்கின்றன.

சகோதரியின் கணவர் அவ்வளவு தாராளமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த இரவே, தூக்கம் வந்தாலும், எடுத்த படங்களை இரண்டு அட்டைகளில் பிரதி எடுத்துவிட வேண்டும். ஒன்று காமிராப் பையில் வரட்டும். இன்னொன்று வேறொருவர் பர்ஸில் வரட்டும். ஓர் அட்டை இரண்டு கிராம்தான். அதைத் தராசில் வைக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.